அப்பா சிகரெட் பிடிச்சா பையனும் பிடிப்பானா? ரத்தமா, சேர்க்கையா, வளர்ப்பா?

நீங்க எழுதினதை முதல்ல நான் புரிஞ்சுகிட்ட மாதிரி சொல்லிடறேன். பையனுக்கு 14 வயசு. கொஞ்ச நாளா சட்டையில சிகரெட் வாடை, துணி துவைக்கப் போடும்போது பேன்ட் பாக்கெட்ல ஒரு லைட்டர். உங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே பிடிக்கிறவர், ஆனா பசங்க கண்ணெதிர்ல ஒருநாளும் பத்த வச்சதில்ல, மாடிக்குப் போய் முடிச்சுட்டு வாய் கொப்பளிச்சுட்டுத்தான் கீழ இறங்குவார். வாடையை மோந்த மாமியார் "தாத்தாவும் இப்படித்தான், ரத்தத்துலயே வர்றது"ன்னு முடிச்சுட்டாங்க. உங்க அண்ணன் "சேர்க்கை சரியில்ல, ஃப்ரெண்ட்ஸை மாத்து"ன்றார். நீங்க "வேலை வேலைன்னு ஓடி நான்தான் கவனிக்காம விட்டுட்டேனோ"ன்னு ராத்திரி தூக்கமில்லாம இருக்கீங்க. லைட்டர் விஷயம் அப்பாவுக்கு இன்னும் தெரியாது, சொல்லலாமா வேண்டாமான்னும் கேட்டிருக்கீங்க. மேலோட்டமா பாத்தா 'காரணம் என்ன'ன்னு கேட்ட மாதிரி இருக்கு, வரிவரியா படிச்சா 'யார் மேல தப்பு'ன்னுதான் கேக்கறீங்க. முதல் கேள்விக்கு ஓரளவு நல்ல பதிலே இருக்கு. ரெண்டாவதைக் கிளறினா வீட்டுல சண்டைதான் மிஞ்சும், அந்த சண்டைக்கு நடுவுல பையன் நைசா நழுவிடுவான்.

நான் போதைப் பழக்கத்தை விட நினைக்கிறவங்களுக்கு கவுன்சலிங் பண்ற ஆள். வர்றதுல புகையிலைதான் அதிகம், ஸ்கூல் வயசுப் பசங்களும் வருவாங்க. டாக்டர் இல்ல, மருந்து எழுத மாட்டேன். இன்னொண்ணும் சொல்லிடணும், என் பார்வையில ஒரு கோணல் உண்டு. என்கிட்ட வர்றது பழக்கம் முத்தினவங்க, இல்லன்னா பெத்தவங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்த பசங்க. ரெண்டு மூணு தடவை இழுத்துப் பாத்துட்டு இருமி, சீன்னு போனவன் என் பக்கம் வரவே மாட்டான். அதனால என் அனுபவத்தை மட்டும் வச்சுப் பேசினா நிலைமை இருக்கறதைவிட மோசமா தெரியும். ஆராய்ச்சிகள்ல திரும்பத் திரும்ப வந்து நின்னது எது, இன்னும் வாதத்துல இருக்கறது எது, என் சொந்த அபிப்பிராயம் எதுன்னு பிரிச்சே சொல்றேன்.

சந்தேகமே இல்லாததுல இருந்து ஆரம்பிக்கலாம், அது உங்க வீட்டுக்காரருக்கு கசக்கும். வீட்டுல பெரியவங்க பிடிச்சா பிள்ளைங்க தொடங்கற வாய்ப்பு கூடுது. 2011ல 58 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பாத்த ஒரு தொகுப்பு வந்துச்சு. அப்பா அம்மால ஒருத்தராவது பிடிக்கிற வீட்டுல பிள்ளைங்க தொடங்கற வாய்ப்பு சுமார் 1.7 மடங்கு, ரெண்டு பேரும் பிடிச்சா சுமார் 2.7 மடங்கு. பிரிச்சுப் பாத்தா அம்மா பிடிக்கிறதோட தாக்கம் அப்பா பிடிக்கிறதைவிட கொஞ்சம் அதிகம். அண்ணனோ அக்காவோ பிடிச்சா 2.3 மடங்கு, அதாவது பெத்தவங்கள்ல ஒருத்தர் பிடிக்கறதைவிட கூடப் பிறந்தவங்க பிடிக்கறது பலமா இழுக்குது. இதை யாரும் பெருசா கவனிக்கறதில்ல, காலேஜ் படிக்கிற மூத்தவனை "அவன் வளந்துட்டான்"னு விட்டுட்டு சின்னவனுக்கு மட்டும் காவல் போடுவாங்க. ஒரு எச்சரிக்கை, இந்த 'மடங்கு' கணக்கை விதின்னு படிக்கக் கூடாது. ரெண்டு பக்கத்தோட வாய்ப்பு விகிதத்தை ஒப்பிட்டு வந்த எண் அது, அவ்வளவுதான். அப்பா பிடிச்சும் கடைசி வரைக்கும் தொடாத பிள்ளைங்க ஏராளம், யாருமே பிடிக்காத வீட்டுல இருந்து என்கிட்ட வந்த பசங்களும் நிறைய.

"பசங்க முன்னாடி பிடிச்சதே இல்லையே" அப்படின்றது பாதி காப்பாத்தும், பாதி காப்பாத்தாது. வீட்டுக்குள்ள யாருமே பிடிக்கக் கூடாதுன்னு கறாரா இருக்கற வீடுகள்ல பசங்க பிடிக்கறது குறைவா இருக்குன்னு ஆய்வுகள் காட்டுது, அதனால அவர் மாடிக்குப் போறது வீண் இல்ல, புகை உங்க எல்லார் நுரையீரலுக்கும் போகாம இருக்கறது தனி லாபம். ஆனா குழந்தைக்குத் தெரியாதுன்னு நினைச்சா அது நடக்காத காரியம். 2005ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, 2ல இருந்து 6 வயசு வரைக்கும் 120 குழந்தைங்களை விளையாட்டுக்காக செட் போட்ட ஒரு சின்ன மளிகைக் கடைக்குக் கூட்டிட்டுப் போய், கையில ஒரு பொம்மையைக் கொடுத்து, "வீட்டுக்கு ஃப்ரெண்ட் வர்றாங்க, சாயங்காலத்துக்கு வேண்டியதை வாங்கு"ன்னு விளையாட விட்டாங்க. 28% குழந்தைங்க சிகரெட் பாக்கெட்டை எடுத்து கூடையில போட்டாங்க. பெத்தவங்க பிடிக்கிற வீட்டுக் குழந்தைங்க அப்படி எடுத்த வாய்ப்பு கிட்டத்தட்ட நாலு மடங்கு. பேச்சே முழுசா வராத வயசுலயே, பெரியவங்க வாழ்க்கையில சிகரெட்டும் ஒரு சாமான்னு பதிவாகிடுது. அப்படிப் பதிஞ்ச பிள்ளைக்கு 14 வயசுல வாய் கொப்பளிச்சுட்டு வர்ற அப்பா எதை மறைக்கறார்னு நல்லாவே தெரியும், கூடவே 'இது மறைச்சு செய்ய வேண்டியது'ன்ற பாடத்தையும் அவரே எடுத்துட்டார்.

இன்னொரு வழி ரொம்ப சாதாரணமானது, வீட்டுல சரக்கு இருக்கு. முதல் சிகரெட் ஃப்ரெண்டு கொடுத்ததா இருக்கும், இல்லன்னா வீட்டுல இருந்து எடுத்ததா இருக்கும், பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணு. ஒரு பையன் என்கிட்ட சொன்னான், அப்பா பாக்கெட் பாதிக்கு மேல இருந்தாதான் கை வைப்பானாம், பாதிக்குக் கீழ போய்ட்டா அப்பா எத்தனை மீதின்னு மனசுல வச்சிருப்பாராம், அதனால புதுசா பிரிச்ச அன்னிக்கு ஒண்ணு, மறுநாள் ஒண்ணு. அப்பாவுக்குத் தன் கணக்கு இருக்குன்னே தெரியாது, பையனுக்கு அது அத்துப்படி. உங்க வீட்டுலயும் இதுதான் நடக்குதுன்னு நான் சொல்லல. ஆனா பாக்கெட்டும் லைட்டரும் எட்டற இடத்துல கிடக்குதான்னு இன்னிக்கே பாத்துடுங்க. அப்பாவுக்கு சாம்பல் தட்டு எடுத்துட்டு வர்றது, கடைக்கு ஓடி வாங்கிட்டு வர்றது இதெல்லாம் எப்பவாவது பையன் செஞ்ச வேலையா இருந்தா அதையும் நிறுத்திடுங்க.

மாமியார் சொல்ற ரத்தத்துக்கு வர்றேன். அவங்க சொல்றது முழுப் பொய்யும் இல்ல. இரட்டைப் பிள்ளைகளை வச்சு செஞ்ச ஆய்வுகள் நிறைய இருக்கு. சின்ன வயசுல தொடங்கறதுல வீடு, சுத்துப்புறம் இதோட பங்கு தூக்கலா தெரியுது. தொடங்கினவங்கள்ல யார் விட முடியாம மாட்டிக்கறாங்க, ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கறாங்கன்னு பாத்தா மரபணுவோட பங்கு ஏறுது. 2008ல 15வது குரோமோசோம்ல நிகோடின் வந்து உக்கார்ற ஏற்பிகளோட சம்பந்தப்பட்ட ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சாங்க, அதுல ஒரு மாற்றம் இருக்கறவங்க பிடிக்க ஆரம்பிச்சா எண்ணிக்கை கூடுதலா போகுது. கல்லீரல் நிகோடினை எவ்வளவு வேகமா கரைக்குதுங்கறதும் ஆளுக்கு ஆள் வேற, அதுவும் மரபணு வழியா வர்றதுதான். ஆக ரத்தம் முதல் சிகரெட்டை வாயில வைக்காது, வச்ச பிறகு சிலருக்குக் கொக்கி ஆழமா மாட்டும். அதனால "ரத்தத்துல இருக்கு, என்ன பண்றது"ன்னு கையை விரிக்கறது தலைகீழ். குடும்பத்துல ரெண்டு தலைமுறை விட முடியாம பிடிச்சிருந்தா இவனை இன்னும் சீக்கிரம் கவனிக்கணும்னுதான் அர்த்தம்.

அண்ணன் சொல்ற சேர்க்கை. ஃப்ரெண்ட்ஸ் பிடிச்சா இவனும் பிடிக்கற வாய்ப்பு கூடுதுங்கறது கிட்டத்தட்ட எல்லா ஆய்வுலயும் வர்ற விஷயம், இந்த வயசுல அது பெத்தவங்க தாக்கத்தையே மிஞ்சறதும் உண்டு. ஆனா பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும்னு நாம சொல்ற கணக்கு பாதிதான் சரி, நாரும் தனக்குப் பிடிச்ச பூவைத் தேடித்தான் போகுது. ஒரே பசங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்து, யார் யாரோட ஃப்ரெண்டா இருந்தாங்க, எப்ப மாறினாங்கன்னு வரைபடமே போட்டுப் பாத்த ஆய்வுகள்ல ரெண்டுமே நடக்கறது தெரியுது. பிடிக்கிற கூட்டம் இவனை மாத்துது, பிடிக்கணும்னு ஆசை வந்தவனும் அந்தக் கூட்டத்தைத் தேடிப் போறான். "ஃப்ரெண்ட்ஸை மாத்து"ன்றது அதனாலதான் பல வீட்டுல எடுபடறதில்ல, ஒருத்தனை வெட்டி விட்டா அதே மாதிரி இன்னொருத்தன் வந்து ஒட்டுவான், கூடவே உங்க மேல கோபமும் சேரும். இதுல பயன்படற ஒரு சின்ன விஷயம் இருக்கு, இந்த வயசுப் பசங்க "எல்லாரும் பிடிக்கறாங்க"ன்னு நிஜமாவே நம்பறாங்க, உண்மையில எத்தனை பேர் பிடிக்கறாங்களோ அதைவிட ரொம்ப அதிகமா மதிப்பு போடறாங்க. "உன் கிளாஸ்ல நீ கண்ணால பாத்தவங்க எத்தனை பேர்"னு விரலை மடக்கி எண்ணச் சொன்னா பல நேரம் ஒரு கை விரலே மிச்சம் இருக்கும்.

பையனோட சொந்த விஷயங்களை யாருமே கேக்கலன்னு கவனிச்சேன். வீட்டுல மூணு பெரியவங்களும் அப்பா, தாத்தா, ஃப்ரெண்ட்ஸ், அம்மான்னு பேசறீங்க, அவன் எப்படி இருக்கான்னு உங்க கேள்வியில ஒரு வரி கூட இல்ல. புதுசா எதையாவது செஞ்சு பாக்கணும், த்ரில் வேணும்னு துடிக்கிற சுபாவம் உள்ளவங்க, யோசிக்கறதுக்கு முன்னாடி கை போயிடுறவங்க சீக்கிரம் தொடங்கறாங்க. கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஹெச்டி இருக்கற பசங்க மத்தவங்களைவிட சின்ன வயசுலயே தொடங்கறதும், விட சிரமப்படறதும் நல்லா பதிவான விஷயம். மனச்சோர்வு ரெண்டு பக்கமும் வேலை செய்யுது, சோர்வு சிகரெட்டுக்குத் தள்ளுது, சிகரெட் கொஞ்ச நாள்ல சோர்வைக் கூட்டுது, எது முதல்லன்னு பல பேர்கிட்ட பிரிக்கவே முடியாது. மார்க் இறங்கறது, ஸ்கூல்ல ஒட்டாம போறது, டீச்சர் தன்னை வேண்டாதவனா பாக்கறாங்கன்னு நினைக்கறது இதெல்லாம் பலமான அறிகுறிகள். பொண்ணுங்கள்ல சிலருக்கு உடம்பு ஏறிடும்ங்கற பயம் காரணமா இருக்கு. கையில தாராளமா காசு புரள்ற பசங்களும் அதிகமா பிடிக்கறாங்க, இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா கணக்கு கேக்காம கொடுக்கற பாக்கெட் மணி எங்க போகுதுன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

இதோட சேர்த்து ஒரு கனமான விஷயம். வீட்டுல அடி, உதை, பெரியவங்களுக்குள்ள கைகலப்பு, குடி, பாலியல் தொந்தரவு, பெத்தவங்க பிரிவு இப்படிப்பட்ட சின்ன வயசுக் காயங்கள் எத்தனை சேர்ந்திருக்குன்னு அமெரிக்காவுல 9,000க்கு மேற்பட்ட பெரியவங்களைக் கேட்டு, 1999ல வெளியான ஆய்வு ஒண்ணு உண்டு. அஞ்சு வகைக் காயமோ அதுக்கு மேலயோ பட்டவங்க 14 வயசுக்குள்ள தொடங்கியிருந்த வாய்ப்பு, ஒண்ணுமே படாதவங்களைவிட அஞ்சு மடங்குக்கும் மேல. பெரியவங்களான பிறகு ஞாபகத்துல இருந்து சொன்னது, அதனால எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி பண்ணியே எடுத்துக்கலாம், ஆனா திசை தப்பு இல்ல. உங்க வீட்டுல இப்படி எதுவும் நீங்க எழுதல. இருந்தா, சிகரெட்டை அப்புறம் பாத்துக்கலாம், அதுதான் முதல் வேலை. வெறும் பிரிவை மட்டும் எடுத்துட்டா, அதாவது ஒத்தைப் பெத்தவர் வளர்க்கிற வீடுன்றது மட்டும், அது எவ்வளவு தூரம் காரணம்ங்கறதுல எனக்கு சந்தேகம் உண்டு, அதுக்குப் பின்னாடி இருக்கற பணக் கஷ்டம், சண்டை, இடமாற்றம் இதையெல்லாம் கழிச்சுப் பாத்தா மிச்சம் ரொம்ப சுருங்குது. கர்ப்பமா இருக்கும்போது அம்மா பிடிச்சிருந்தா பிள்ளை பிடிக்கும்னு சொல்றதும் இதே ரகம், அதே அம்மாவோட மத்த பிள்ளைகளோட ஒப்பிட்டா அந்தத் தொடர்பு பலவீனமாகிடுது.

இனி நீங்க உங்களையே போட்டுக் குத்திக்கற விஷயம், கவனிக்காம விட்டுட்டேனோங்கறது. பெத்தவங்களோட கண்காணிப்பு அதிகமா இருக்கற வீட்டுல பசங்க குறைவா பிடிக்கறாங்கன்னு பல வருஷமா ஆய்வு மேல ஆய்வு வந்துச்சு, எல்லாரும் "அப்ப இறுக்கிப் பிடி"ன்னு புரிஞ்சுகிட்டாங்க. 2000ல ஸ்வீடன்ல ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு எளிமையான கேள்வி கேட்டாங்க, இந்த ஆய்வுகள்ல 'கண்காணிப்பு'ன்னு அளந்தது எதை? அளந்தது, பிள்ளை எங்க போறான், யாரோட இருக்கான், காசை என்ன பண்றான்னு பெத்தவங்களுக்கு எவ்வளவு *தெரியும்*ங்கறதை. அந்தத் தகவல் எந்த வழியா வந்துச்சுன்னு பிரிச்சாங்க. வேவு பாத்து, கேள்வி மேல கேள்வி கேட்டு, கட்டுப்பாடு போட்டுத் தெரிஞ்சுகிட்டது கொஞ்சம். பிள்ளையே வாயைத் திறந்து தானா சொன்னதுதான் பெரும்பங்கு. தப்பு வழிக்குப் போறது குறைவா இருந்ததும் இந்தத் தானா சொல்றதோடதான் பலமா ஒட்டி நின்னுச்சு. இதுக்குப் பிறகு வந்த சில ஆய்வுகள் கட்டுப்பாட்டுக்கும் ஓரளவு பங்கு உண்டுன்னு சொல்லுது, தப்பு பண்றவன் சொல்லவும் மாட்டான்ங்கற திருப்பமும் இருக்கு, அதனால இதுதான் கடைசி வார்த்தைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இத்தனை குடும்பங்களைப் பாத்ததுல எனக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்கல. பெத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கற வீடுன்னா, பிள்ளை சொல்லத் துணியற வீடு.

அதனால நீங்க வேலைக்குப் போறது தனியா ஒரு குத்தமே இல்ல. ஸ்கூல் விட்டு பெரியவங்க யாரும் இல்லாம பல மணி நேரம் கழியறது ஒரு ரிஸ்க்தான், அதை மறைக்கல, ஆனா தனியா இருந்தாலும் எங்க இருக்கான்னு பெத்தவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா அந்த ரிஸ்க் நல்லா குறையுது. வளர்ப்பு முறையைப் பத்தி கேட்டா, பாசமும் இருக்கணும் விதியும் இருக்கணும், ரெண்டும் சேர்ந்த வீட்டுல பசங்க குறைவா பிடிக்கறாங்க. வெறும் கண்டிப்புன்னா ஒளிஞ்சு பிடிக்கறான், வெறும் செல்லம்ன்னா ஒளியாமலே பிடிக்கறான். (இது கொஞ்சம் கிண்டலா இருந்தாலும் நான் பாத்தது அப்படித்தான்.)

பேசறதுலயும் இதே கதை. நெதர்லாந்துல செஞ்ச ஆய்வுகள்ல, சிகரெட்டைப் பத்தி பெத்தவங்க எத்தனை தடவை பேசினாங்கங்கறது பலன் தரல, அடிக்கடி பேசின வீட்டுல பிடிக்கற பசங்க அதிகமாவே இருந்தாங்க. மதிப்போட, ரெண்டு பக்கமும் காது கொடுத்துப் பேசின வீட்டுலதான் குறைவு. இதுல ஒரு சிக்கல் உண்டு, சந்தேகம் வந்த பிறகுதானே பெத்தவங்க அடிக்கடி பேசவே ஆரம்பிக்கறாங்க, அதனால பேச்சுதான் பிடிக்க வச்சுச்சுன்னு எடுத்துக்க முடியாது. ஆனா தினம் அர்ச்சனை பண்ணினா சரியாகிடும்ங்கறதுக்கு மட்டும் ஆதாரம் இல்ல. வெறும் பாடத்தோட எல்லை எவ்வளவுன்னு தெரியணும்னா அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல நடந்ததைப் பாருங்க, 40 பள்ளி மாவட்டங்கள், 8,388 பிள்ளைங்க, மூணாம் வகுப்புல இருந்து பன்னெண்டாம் வகுப்பு வரைக்கும் வருஷா வருஷம் கவனமா தயாரிச்ச புகைத்தடுப்புப் பாடம். 1984ல ஆரம்பிச்சு 1999 வரைக்கும் பின்தொடர்ந்தாங்க. பாடம் படிச்சவங்களுக்கும் படிக்காதவங்களுக்கும் கடைசியில வித்தியாசமே இல்ல. நுரையீரல் படம் காட்டி பயமுறுத்தறதை நான் விட்டு ரொம்ப காலம் ஆச்சு, 14 வயசுக்காரனுக்கு 50 வயசு வரப்போறதுல நம்பிக்கையே கிடையாது.

அதே ஆய்வுல இருந்த குடும்பங்கள்லதான் உங்க வீட்டுக்காரருக்கு வேண்டிய சேதியும் கிடைச்சுது. பிள்ளை மூணாவது படிக்கறதுக்குள்ள அப்பா அம்மா ரெண்டு பேருமே விட்டுட்ட வீடுகள்ல, பிள்ளை 17, 18 வயசுல தினசரி பிடிக்கிறவனா ஆகற வாய்ப்பு, ரெண்டு பேரும் தொடர்ந்து பிடிச்ச வீட்டைவிட 39% குறைவு. உங்க பையன் அந்த வயசைத் தாண்டிட்டான், அதனால அதே எண்ணை இங்க ஒட்ட முடியாது. இருந்தாலும் அப்பா இப்ப விட முயற்சி பண்றது வீண்னு யாரும் சொல்ல வேண்டாம், வீட்டுல பாக்கெட் இல்லாம போறது மட்டுமே பாதி வேலை. குடும்பத்தை சேர்த்து வச்சு செஞ்ச தடுப்பு முயற்சிகளை மொத்தமா எடை போட்ட பெரிய தொகுப்பு ஒண்ணு, இதால தொடங்கறது 16ல இருந்து 32% வரைக்கும் குறையலாம்னு சொல்லுது. ஸ்கூல் பாடத்தால ஆகாததை வீடு ஓரளவு செய்யுது.

எவ்வளவு அவசரம்னு கேட்டா, பயந்து கத்தற அளவு இல்ல, தள்ளிப் போடற அளவும் இல்ல. பெரியவங்கள்ல தினசரி பிடிக்கறவங்களை எடுத்தா, அமெரிக்க அரசோட 2012 அறிக்கைப்படி 88% பேர் முதல் சிகரெட்டை 18 வயசுக்குள்ள பாத்தவங்க, 26 வயசுக்குள்ளன்னு எடுத்தா 99%. ஒரு சிகரெட்டாவது முயற்சி பண்ணினவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு பேர், கொஞ்ச நாளுக்காவது, தினசரி பிடிக்கிறவங்களா ஆனாங்கன்னு 2018ல பல கணக்கெடுப்புகளை சேர்த்துப் பாத்த ஒரு ஆய்வு சொல்லுது. மாசாசூசெட்ஸ்ல 12, 13 வயசுப் பசங்களை வச்சு 2000ல வந்த ஆய்வுல, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு ஆரம்பிச்சவங்கள்ல 22% பேருக்கு நாலு வாரத்துக்குள்ளயே அடிமைத்தனத்தோட ஏதாவது ஒரு அறிகுறி வந்துடுச்சு. அது நிஜமான அடிமைத்தனமா, வெறும் ஆசையான்னு நிபுணர்களுக்குள்ள வாதம் இருக்கு. ஆனா "எப்பவாவது ஒண்ணுதானே, நினைச்சா விட்டுடுவேன்"னு இந்த வயசுல எல்லாருமே சொல்றாங்க, அதை நம்பி வருஷக்கணக்குல காத்திருக்க முடியாதுன்னு மட்டும் தெரியுது. வாடை இல்லாத வேப் (மின்சிகரெட்) இருக்கான்னும் கவனிங்க, புகை இல்லங்கறதால நிகோடின் இல்லன்னு ஆகிடாது.

இப்ப என்ன செய்யறது. பையனைத் தனியா, வண்டியில போகும்போதோ நடந்து போகும்போதோ, முகத்துக்கு முகம் பாக்காம இருக்கற நேரமா பாத்து, லைட்டரைப் பாத்ததை நேரா சொல்லிடுங்க. தெரியாத மாதிரி நடிச்சு பொறி வைக்காதீங்க. "எவன் கொடுத்தான்"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, ஃப்ரெண்டைக் காட்டிக் கொடுக்கறதைவிட பொய் சொல்றது அவனுக்கு சுலபம், முதல் பொய் சொல்லிட்டா அடுத்தது அதைக் காப்பாத்தவே சொல்லணும். "முதல் தடவை எப்படி இருந்துச்சு"ன்னு கேளுங்க. பெரும்பாலானவங்க "கசப்பா இருந்துச்சு, தலை சுத்துச்சு"ம்பாங்க. "அப்புறமும் ஏன் பிடிக்கணும்னு தோணுச்சு"ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கணும், அந்த அமைதி எவ்வளவு நீண்டாலும் நீங்க நிரப்பாதீங்க. காரணம் அங்கதான் வரும், டென்ஷன், தனிமை, கூட்டத்துல ஒருத்தனா இருக்கணும், அப்பா பிடிக்கறார்ல. "நாளைக்கு உன் நெருங்கின ஃப்ரெண்ட் நீட்டினா என்ன பண்ணுவ"ன்னும் கேளுங்க. இந்த மாதிரி கேள்விக்கு "கண்டிப்பா வேண்டாம்பேன்"னு உறுதியா சொல்ற பிள்ளையைவிட "தெரியல, பாக்கலாம்"னு இழுக்கற பிள்ளை பின்னாடி தொடங்கற வாய்ப்பு அதிகம்னு 1990கள்ல இருந்தே தெரிஞ்ச விஷயம். கேட்டதெல்லாம் கேட்டுட்டு, விதியையும் சொல்லிடுங்க, இந்த வீட்டுல பிடிக்கக் கூடாது, உனக்கு இதுல என் சம்மதம் இல்ல. மென்மையா பேசறதுன்னா சம்மதிக்கறதுன்னு அவன் எடுத்துக்கக் கூடாது.

அப்பாகிட்ட சொல்லத்தான் வேணும், ஆனா "அப்பாகிட்ட நான் சொல்லப் போறேன்"னு பையனுக்கு முன்கூட்டியே தெரியணும், முடிஞ்சா அவனே சொல்ல ஒரு நாள் அவகாசம் கொடுங்க. அவனுக்குத் தெரியாம நீங்க சொல்லி, அவர் பெல்ட்டை உருவினார்னா, அவன் தானா சொல்ற வாய்ப்பு அதோட போச்சு. வீட்டுக்காரர்கிட்ட "உங்களாலதான்"னு ஆரம்பிக்காதீங்க, ஒண்ணு அது முழு உண்மையும் இல்ல, ரெண்டு அவர் மாடிக்குப் போய் இன்னும் ரெண்டு பத்த வைப்பார். "நான் பிடிக்கறப்ப அவனுக்கு என்ன புத்தி சொல்றது"ன்னு பல அப்பாக்கள் ஒதுங்கிடறாங்க. அது தப்பான கூச்சம், பெத்தவங்க பிடிச்சாலும் அவங்க தெளிவா மறுப்பு சொல்றதுக்கு அர்த்தம் இருக்கு, அதுவும் "எனக்கு விட முடியல, எத்தனை தடவை முயற்சி பண்ணேன், நீ இதுல மாட்டிக்காத"ன்னு ஒரு அப்பா சொன்னா, அதைக் கேட்டுட்டு தலை குனிஞ்சு உக்காந்த பசங்களை நான் பாத்திருக்கேன். அவர் விடத் தயார்னா டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க, நிகோடின் பேட்ச், சூயிங்கம், மாத்திரைன்னு பெரியவங்களுக்கு நல்ல ஆதாரமுள்ள வழிகள் இருக்கு, மன உறுதியை மட்டும் நம்பி இறங்கறதைவிட அதோட கவுன்சலிங்கும் சேர்ந்தா வெற்றி வாய்ப்பு கூடுது.

பையனுக்கு அதே பேட்ச், மாத்திரையை நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க, 18 வயசுக்குக் கீழ இதுகளுக்கான ஆதாரம் பலவீனம், அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும். காலையில எழுந்த அரை மணி நேரத்துக்குள்ள அவனுக்கு சிகரெட் வேணும்னு தோணுது, கிளாஸ்ல உக்கார முடியாம எரிச்சல் வருது, விட நினைச்சு முடியாம போச்சுன்னு அவன் சொன்னாலோ, தூக்கம், சாப்பாடு, படிப்பு, மூடு இதுல ரெண்டு மாசத்துக்குள்ள பெரிய மாற்றம் தெரிஞ்சாலோ, வேற ஏதாவது போதையும் கலந்திருக்குன்னு தோணினாலோ குழந்தை நல டாக்டரையோ மனநல டாக்டரையோ பாருங்க. போகும்போது "சிகரெட் பிடிக்கறான்"னு மட்டும் சொல்லாம தூக்கத்தையும் படிப்பையும் சேர்த்தே சொல்லுங்க, டாக்டர் அவன்கிட்ட தனியா பேசணும்னு கேட்டா நீங்க வெளிய உக்காந்துக்கங்க.